பழைய மவுசருக்குப் புதுப் பேரல்: எந்தத் தோட்டா? (அவசரம்)

மழைக்கொக்கு
வணக்கம். தாத்தாவின் மவுசர் துப்பாக்கி என்னிடம் இருக்கிறது. பேரல் (குழல்) தேய்ந்துவிட்டது, புதிது போடப் போகிறேன். அப்படியே தோட்டாவையும் மாற்றிவிடலாம் என்று எண்ணம். 6.5 கிரீட்மூர், 308, 270, இந்த மூன்றில் எது நல்லது? வெள்ளிக்கிழமைக்குள் பேரலுக்குச் சொல்லியாக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

சுழல்கோடு
எந்த மவுசர்? 93, 95, 96, 98 என்று எல்லா மாதிரியும் மவுசர்தான். இப்போது என்ன தோட்டா போடுகிறீர்கள்? எதற்கு, எவ்வளவு தூரத்துக்கு? தோட்டா கடையில் வாங்குவதா, மருந்து நிரப்பி நீங்களே செய்வதா?

நெடுந்தூரன்
6.5 கிரீட்மூர், யோசிக்கவே வேண்டாம். 2007-இல் வந்த தோட்டா, இன்று எல்லா நிறுவனமும் செய்கிறது. உதை குறைவு, காற்றில் குண்டு விலகுவது குறைவு. தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் மவுசர் போல்ட்டின் முகத்திலும் அப்படியே பிடிக்கும், ஏனென்றால் கேஸின் (பித்தளை உறையின்) அடிவிளிம்பு அதே 12 மி.மீ.தான். நானும் பழைய தோட்டாவிலிருந்து இதற்கு மாறியவன்தான், திரும்பிப் பார்க்கவே இல்லை.

பழையபோல்ட்
இந்தக் கேள்வி இப்படித்தான் வருகிறது, நானும் இப்படித்தான் பதில் சொல்லி வருகிறேன். தம்பி, முதலில் ரிசீவர் (பேரலும் போல்ட்டும் பூட்டும் உடல்), பிறகுதான் தோட்டா. மவுசரின் 8 மி.மீ. தோட்டாவான 8×57 ஐஎஸ்-க்கு சிஐபி (தோட்டா அளவுகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பு) வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 3,900 பார். 308-க்கு 4,150. 270-க்கு 4,300. கிரீட்மூருக்கு 4,350. நூறு வயது எஃகின் மேல் கூடுதலாக ஏற்றப் போகும் சுமை இது. அடிவிளிம்பு பொருந்துகிறது என்பதோடு நெடுந்தூரன் கணக்கை முடித்துவிட்டார். அடிப்படையைப் படித்துவிட்டு வந்து பேசினால் எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

மழைக்கொக்கு
98 என்றுதான் நினைக்கிறேன். 8 மி.மீ. தோட்டா. ரிசீவர் மேல் இருந்த எழுத்து தேய்ந்துவிட்டது. மான், எப்போதாவது காட்டுப்பன்றி. 150 மீட்டருக்கு மேல் சுட்டதில்லை. கடைத் தோட்டாதான். எதைப் போடலாம்?

சுழல்கோடு
நினைப்பது போதாது, பார்த்துவிடலாம். துப்பாக்கி காலி என்று இரண்டு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். ட்ரிக்கரை இழுத்துவிட்டு போல்ட் கைப்பிடியைத் தூக்குங்கள். தூக்கும்போதே ஸ்பிரிங் எதிர்த்தால் 98. மூடித் தள்ளும்போது எதிர்த்தால் 93, 95 அல்லது 96. அப்புறம் போல்ட்டை வெளியே எடுங்கள். முன்னால் இரண்டு லக் (பூட்டும் முனை), பின்னால் கைப்பிடிக்குக் கொஞ்சம் முன்பு மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா? அந்த மூன்றாவதுதான் 98-இன் காப்பு. 93 முதல் 96 வரை அது கிடையாது, வாயு கசிந்தால் அதை வெளியே திருப்பிவிடும் வசதியும் அவற்றில் குறைவு.

கரிச்சான்
பேரல் போய்விட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கட்டையின் இரண்டு திருகும் தளர்ந்திருந்தாலே நூறு மீட்டரில் குண்டுகள் ஆளுக்கொரு பக்கம் போகும். செம்பு படிந்திருந்தாலும் அப்படித்தான். முதலில் செம்பை எடுக்கும் திரவம் விட்டுத் துணி போட்டு இழுங்கள், துணியில் நீலம் வருவது நிற்கும்வரை. என் அனுபவத்தில் ‘தேய்ந்த’ பேரல்களில் பாதி அழுக்கான பேரல்கள்தான்.

நெடுந்தூரன்
பழையபோல்ட் ஐயா, அழுத்தக் கணக்கு எனக்கும் தெரியும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இஸ்ரேல் தன் 98-களை 308-ஐ ஒத்த 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாற்றியது. நார்வே 30-06-க்கு மாற்றியது. ஸ்பெயின் 93 வகைச் சிறிய ரிசீவரையே எடுத்து எஃப்ஆர்-7 என்ற 7.62 துப்பாக்கியைச் செய்தது. எல்லாம் வெடித்துச் சிதறிவிட்டனவா?

பழையபோல்ட்
எஃப்ஆர்-7-ஐ எடுத்துக்காட்டாகக் காட்டுகிறவர் எஃப்ஆர்-8-ஐ ஏன் விட்டுவிட்டார்? எஃப்ஆர்-8 என்பது 98 வகை ரிசீவர், எஃப்ஆர்-7 என்பது 93-இலிருந்து வந்த 1916 வகை. இரண்டும் ஒன்றல்ல. அந்தக் காலத்தில் ஸ்பெயினிடம் இருந்த செட்மே தோட்டாவும் நேட்டோவுடையதைவிட வலு குறைந்தது. அதை வைத்து இன்றைய வேட்டைத் தோட்டாவுக்கு நியாயம் சொல்லக் கூடாது.

நெடுந்தூரன்
எஃப்ஆர்-7 பிற்பாடு நேட்டோ தோட்டாவைச் சுடவில்லையா?

பழையபோல்ட்
சுட்டது. சுட்டவற்றில் லக் உட்காரும் இடம் பள்ளம் விழுந்தவற்றை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். நீங்கள்?

சுழல்கோடு
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். அவருடையது எஃப்ஆர்-7 இல்லை.

மழைக்கொக்கு
மூன்று லக் இருக்கிறது. தூக்கும்போதுதான் எதிர்க்கிறது. 98 உறுதி. திருகுகள் இறுக்கமாகத்தான் இருக்கின்றன. நூறு மீட்டரில் 15 செ.மீ. பரவுகிறது. முன்பு தாத்தா 4 செ.மீ.க்குள் வைப்பார். அவர் வைத்திருந்த பெட்டிகள் தீர்ந்துபோய், நான் வேறு நிறுவனத்துடையதை வாங்கினேன். அதிலிருந்து சுட்டபின் போல்ட்டைத் தூக்க உள்ளங்கையால் தட்ட வேண்டியிருக்கிறது. வயதாகிவிட்டது அல்லவா. சரி, 270 போட்டால் மேகசினில் இடம் போதுமா?

சுழல்கோடு
270-ஐ விடுங்கள். இனி ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம். காலியாக ட்ரிக்கர் இழுத்துவிட்டுத் தூக்கினால் எப்படி வருகிறது? சுட்ட கேஸ் இருந்தால் அடிப்பக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மழைக்கொக்கு
காலியாக இருந்தால் லேசாக வருகிறது. சுட்ட கேஸ் நாலு இருக்கிறது. நடுவில் ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாக, ஓரம் வரை பரந்திருக்கிறது. தாத்தா காலத்துக் கேஸ் ஒன்றும் கிடைத்தது, அதில் ப்ரைமரின் ஓரம் உருண்டையாகத்தான் இருக்கிறது.

சுழல்கோடு
அப்படியானால் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 8×57-இல் இரண்டு உண்டு. பழைய ஐ, சிலர் ஜே என்பார்கள், அதன் குண்டு 8.08 மி.மீ. 1905-இல் ஜெர்மானியப் படை மாறிய எஸ் குண்டு 8.2 மி.மீ. ராணுவம் மாறியபிறகும் வேட்டைத் துப்பாக்கிகளுக்குப் பழைய அளவுப் பேரல் நெடுங்காலம் போடப்பட்டது. 8.2 குண்டை 8.08 பேரலில் செலுத்தினால் அழுத்தம் எகிறும். தட்டையான ப்ரைமர், கனத்த போல்ட், பரவும் குண்டு எல்லாமே அதோடு ஒத்துப்போகின்றன. அமெரிக்க நிறுவனங்கள் 8 மி.மீ. மவுசரை வலு குறைத்து நிரப்புவதே இந்த ஆபத்தை நினைத்துத்தான். தாத்தாவுக்கு ஒன்றும் ஆகாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பேரலுக்குள் ஈயக் குண்டு ஒன்றைத் தள்ளி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். துப்பாக்கித் தொழில் தெரிந்தவர் செய்யட்டும், நீங்கள் வேண்டாம். அவரே லக் உட்காரும் இடத்தையும் ஹெட்ஸ்பேஸையும் (போல்ட் முகத்திலிருந்து தோட்டா முட்டி நிற்கும் இடம் வரையுள்ள தூரம்) பார்க்கட்டும். அங்கே பள்ளம் இருந்தால் எந்தப் பேரலும் போடக் கூடாது.

பழையபோல்ட்
சுழல்கோடு சொன்னது சரி. நான் அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

ரிசீவர் தேறினால் என் பதில் 7×57. காரணம் அழுத்தம் மட்டும் இல்லை. மவுசர் தன் மேகசின் பெட்டியை ஒவ்வொரு தோட்டாவின் உடல் சரிவுக்கும் ஏற்ப வடித்தார். தோட்டாக்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும், பெட்டியின் முன் அகலமும் பின் அகலமும் அந்தச் சாய்வுக்கான கணக்கு. 7×57-ம் 8×57-ம் ஒரே குடும்பம், அதே 57 மி.மீ. கேஸ், அதே 3,900 பார். கையால் தொடாமலே ஊட்டும். 308-இன் முழு நீளம் 71 மி.மீ.தான், 82 மி.மீ.க்கான பெட்டியில் முன்னும் பின்னும் ஓடும், பின்னால் கட்டை வைத்து அடைக்க வேண்டிவரும். 270 நேர்மாறு. அது 84.8 வரை போகும், ராணுவப் பெட்டியின் உள்நீளமோ சுமார் 84. பெட்டியை நீட்ட, தோட்டா பேரலுக்குள் ஏறும் சரிவை அரத்தால் குடைவார்கள். கீழ் லக்கைத் தாங்கும் எஃகு அங்கேதான் இருக்கிறது. அந்த இடத்தில் அரம் போட்ட ரிசீவரை நான் தொடமாட்டேன்.

150 மீட்டருக்குள் மானுக்கு, 9 கிராம் குண்டை நொடிக்குச் சுமார் 800 மீட்டர் வேகத்தில் விடும் தோட்டா தாராளம்.

நெடுந்தூரன்
7×57 எல்லாக் கடையிலும் கிடைக்காதே? அவர் தானே செய்துகொள்பவரும் இல்லை.

கரிச்சான்
வருடத்துக்கு இரண்டு பெட்டி சுடுபவர் மொத்தமாக ஒருமுறை வாங்கி வைக்கலாம். எனக்கு 9.3×62-உம் தோன்றியது, 1905-இல் ஓட்டோ போக் 98-க்காகவே அளந்து செய்தது. ஆனால் மானுக்கு அந்த உதை எதற்கு. மழைக்கொக்கு, உரிமத்தில் பழைய அளவு எழுதியிருந்தால் பேரல் மாற்றும் முன் அதையும் பாருங்கள்.

சுழல்கோடு
அளந்தாயிற்றா? நான்கு நாளாகச் சத்தம் இல்லை.

மழைக்கொக்கு
மன்னிக்கவும், வேலை. அளந்தார். 8.08. லக் இடத்தில் பள்ளம் இல்லை, ஹெட்ஸ்பேஸ் அளவுக்குள் இருக்கிறது. 7×57 சொல்லிவிட்டேன், ட்விஸ்ட் (பேரலின் உள்வரி ஒரு சுற்றுச் சுற்றும் நீளம்) 220 மி.மீ. மீதி பதினொரு தோட்டாவையும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். எல்லாருக்கும் நன்றி.

பழையபோல்ட்
பழைய பேரலைக் கழற்றியபோது அடியில் ஏதாவது முத்திரை தெரிந்ததா? எந்த ஆண்டு என்று பார்க்கலாம்.