புரோகிராம் ஓடத் தொடங்கும் முன் பின்கள் என்ன செய்தன? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கிணற்றடி எழுதியது:

எட்டு ஆண்டுகள் கடந்தும் ஒரு துண்டு என் நினைவை விட்டு அகலவில்லை. கிணற்று மோட்டாருக்கு நானே செய்த ஆட்டோமேட்டிக் பலகை அது. 8051 குடும்பத்து மைக்ரோகன்ட்ரோலரான ஏடி89எஸ்52 சிப், அதன் ஒரு பின்னிலிருந்து (சிப்பின் கால்) யூஎல்என்2003 என்னும் டிரைவர் சிப் வழியாக ஒரு 12 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்; பின் 1 ஆனால் மூடும்), அந்த ரிலேயின் தொடுமுனைகள் ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனுக்கு இணையாக. இதற்கு மேல் விளக்கம் உங்களுக்குத் தேவைப்படாது. மும்முனை மின்சாரம் வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறுத்து, கிணற்றில் தண்ணீர் இருந்தால் மட்டும், ரிலே ஒரு நொடி மூடித் திறக்க வேண்டும் என்றுதான் புரோகிராம் எழுதியிருந்தேன். புரோகிராமின் தொடக்கமான மெயினின் முதல் வரியே போர்ட் 1-இன் எட்டுப் பின்களையும் 0 ஆக்கும் வரி.

அன்று மாலை கரண்ட் இல்லை. சித்தப்பா பம்பின் கிளாண்டுக்கு (தண்டைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும் பகுதி) கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்; குனிந்த நிலை, தோளில் துண்டு. நான் டார்ச் பிடித்திருந்தேன். ஸ்டார்ட்டரின் மேலிருந்த விளக்கு எரிந்ததைப் பார்த்து, "ஐந்து நிமிடம் இருக்கிறது, சித்தப்பா" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல் வெளியே வருவதற்குள், ஸ்டார்ட்டருக்குள் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டர் அடித்துவிட்டது. மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் துண்டின் நுனியைப் பிடித்து இழுக்க, அவர் தோளிலிருந்து அது உருவப்பட்டு, ஒரு கணத்தில் தண்டைச் சுற்றிக் கயிறு போல இறுகிவிட்டது. அவருடைய கை அதற்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. ரீசெட் நிலையில், அதாவது புரோகிராம் தொடங்கும் முன் சிப் காத்திருக்கும் நேரத்தில், அந்தச் சிப்பின் போர்ட் பின்கள் எல்லாம் 1 ஆகவே இருக்கும். ரீசெட் பின்னில் நான் போட்டிருந்த 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் அந்த நிலையை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீட்டித்துக்கொண்டிருந்தன. ரிலே மூட அதில் ஒரு சிறு பகுதியே போதும். முதல் வரி ஓடிப் பின்னை 0 ஆக்கியபோது, கான்டாக்டர் ஏற்கெனவே பட்டனை விட்ட பிறகும் பிடித்து வைக்கும் தன் ஹோல்டிங் முனையில் தானாக நின்றுகொண்டிருந்தது. என் புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை. அது ஓடத் தொடங்கும் முன்பே எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

உங்களில் வேறு யாருக்கேனும் இப்படி நேர்ந்திருக்கிறதா?

மேல்தொட்டி எழுதியது:

எனக்கு நேர்ந்தது அபாயமானது அன்று. ஆனால் அம்மா குடம் தூக்கியதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது. மோட்டாரை இயக்கும் என் நோட்எம்சியு பலகையில் (ஈஎஸ்பி8266 என்னும் வைஃபை சிப் உள்ளது) தொட்டியின் ஃப்ளோட் சுவிட்சை டி3 பின்னில் கொடுத்திருந்தேன். அந்தப் பின்னுக்குப் பலகையிலேயே அதை 1-இல் தூக்கி வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் இருப்பதால் தனியாக ஒன்று போட வேண்டியதில்லை என்பதுதான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கான ஒரே காரணம். தொட்டி நிரம்பினால் சுவிட்ச் மூடி, பின் 0 ஆகும்.

ஊரிலிருந்து, "மோட்டார் ஓடவில்லை, தொட்டி காலி" என்று அம்மா போன் செய்வார். நான் சென்னையிலிருந்து போய் அணைத்துப் போட்டுப் பார்ப்பேன். ஒரு குறையும் இல்லாமல் ஓடும். நான்கு முறை இப்படிப் போய் வந்தேன். ஐந்தாவது முறை பொங்கலுக்குப் போயிருந்தபோது, தொட்டி நிரம்பி மோட்டார் நின்ற சிறிது நேரத்தில் கரண்ட் போய்த் திரும்பியது. வழக்கமாகச் சிமிட்டும் நீல விளக்கு சிமிட்டவில்லை. பலகைக்கு முன் நின்றபடியே எனக்கு விளங்கிவிட்டது. டி3 என்பது சிப்பின் ஜிபிஐஓ 0; விழிக்கும் கணத்தில் அது 0 ஆக இருந்தால், ஈஎஸ்பி8266 தன்னிடமுள்ள புரோகிராமை ஓட்டாமல் சீரியல் வழியாகப் புதிய புரோகிராம் வரும் என்று காத்திருக்கத் தொடங்கிவிடும். தொட்டி நிரம்பியிருக்கும் நேரத்தில் கரண்ட் போய் வந்தால் மட்டுமே பலகை இறக்கும். தண்ணீர் தீர்ந்து அம்மா எனக்குப் போன் செய்து, நான் ஊர் போய்ச் சேரும்போது, தொட்டி காலியாக இருப்பதால் அது சரியாகவே விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் பிழையின் தடயத்தை அம்மாவே சமையலுக்கும் துவைப்பதற்கும் எடுத்துத் தீர்த்திருக்கிறார்.

ஒயரை டி5-க்கு மாற்றினேன். பிறகு அது நிற்கவே இல்லை.

பழைய சாலிடர் எழுதியது:

நண்பர் கிணற்றடியின் சித்தப்பாவுக்கு ஒன்றும் ஆகாதது பெரும் நிம்மதி. ஆனால் அவர் சிப்பின் மீது பழி போடுவதுபோல் எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

என் அனுபவத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிக்16எஃப்877ஏ என்னும் மைக்ரோகன்ட்ரோலர், போர்ட் பி-யின் 0-வது பின்னில் பஸருக்கான டிரான்சிஸ்டர், 1-வது பின்னில் விளக்கு. பஸரை இயக்கு, விளக்கை எரி என்று இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து. விளக்கு எரியும் அதே நொடியில் பஸர் அடங்கிவிடும். டிரான்சிஸ்டரின் பேஸில் ரெசிஸ்டர் போடாமல் விட்டிருந்தேன். அதனால் பின்னின் மின்னழுத்தம் 0.7 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. இரண்டாவது கட்டளை போர்ட் முழுவதையும் பின்களிலிருந்து படித்து, ஒரு பிட்டை மாற்றி, திரும்ப எழுதும். 0.7 வோல்ட்டை அது 0 என்று படித்து, 0 என்றே எழுதிவைத்தது. ஒரு வாரம் மென்பொருளைக் குடைந்தேன். குறையாக இருந்தது ஒரு ரெசிஸ்டர். பிக்18 வரிசையில், பின்னைப் படிக்காமல் நாம் எழுதிய மதிப்பையே தரும் லேட் ரிஜிஸ்டரைத் தனியாகக் கொடுத்தது இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான்.

இனி கிணற்றடிக்கு. 8051 குடும்பத்தில் பின் உள்ளீடா வெளியீடா என்று திசையைச் சொல்லத் தனி ரிஜிஸ்டர் கிடையாது. 1 எழுதினால் மிக மெல்லிய புல்-அப் மட்டும் பின்னைத் தூக்கிப் பிடித்திருக்கும், வெளியிலிருந்து எவரும் அதை எளிதாகக் கீழே இழுக்கலாம். உள்ளீடாகப் படிப்பதற்கு அதுவே வழி. ஆகவே ரீசெட்டில் எல்லாவற்றையும் 1 ஆக்குவது என்பது, எல்லாப் பின்களையும் உள்ளீடாக, யாருக்கும் தீங்கில்லாத நிலையில் வைப்பது. வடிவமைத்தவர்கள் ஓய்வு நிலையாகக் கருதியதை நீங்கள் ஓடும் நிலையாக எடுத்துக்கொண்டீர்கள். அந்தப் பின்கள் மேலே தள்ளும் மின்னோட்டம் சில பத்து மைக்ரோ ஆம்பியர். கீழே இழுத்துக்கொள்வதோ பின்னுக்கு 10 மில்லி ஆம்பியர் வரை. இந்த ஒன்றைப் பார்த்திருந்தாலே, 0 ஆனால்தான் ரிலே இழுக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். யூஎல்என்2003-க்கு முன்னால் 0-ஐ 1 ஆகத் திருப்பும் ஓர் இன்வெர்ட்டர், அல்லது அந்த இன்வெர்ட்டருக்குப் பதிலாக ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர், அவ்வளவுதான்.

ஏவிஆர் சிப் (ஏடிமெகா போன்றவை) வைத்திருப்பவர்கள் நமக்கு இது பொருந்தாது என்று இருந்துவிட வேண்டாம். அங்கே ரீசெட்டில் எல்லாப் பின்களும் உள்ளீடாக, எதனுடனும் சேராமல் மிதக்கும். மிதக்கும் பின் டிரான்சிஸ்டரின் பேஸையோ மாஸ்ஃபெட்டின் கேட்டையோ எங்கே கொண்டுபோகும் என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால் கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் கட்டாயம் வேண்டும். ரீசெட் என்பது கரண்ட் வரும்போது மட்டும் நடப்பதும் அன்று. புரோகிராம் உறைந்தால் சிப்பை மீட்கும் வாட்ச்டாக் நிகழ்த்தும், மின்னழுத்தம் சரிந்தால் நிகழும், நடுப்பகலில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதும் நிகழும். உயிருக்கு ஆபத்தான இடமென்றால் நான் இன்னும் ஒரு படி மேலே போவேன்: பின் தொடர்ந்து துடித்துக்கொண்டே இருந்தால்தான் ரிலே இழுக்கும்படி, கெப்பாசிட்டரும் இரண்டு டயோடுகளும் வைத்து ஓட்டுவேன். பின் 1-இல் உறைந்தாலும் 0-இல் உறைந்தாலும் ரிலே விட்டுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில் எதற்காக இருக்கிறது? போன கரண்ட் திரும்பும்போது மோட்டார் தானாக எழுந்துவிடக் கூடாது என்பதற்காகவே அது இருக்கிறது. உங்கள் பலகை அந்தப் பாதுகாப்பைத்தான் முறியடித்தது. ஃபியூஸைப் பிடுங்காமல் பம்பில் கை வைத்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

மூன்றாம் ஆய்வகம் எழுதியது:

நான் ஒரு பாலிடெக்னிக்கில் ஆய்வகப் பயிற்றுநராக இருந்தேன். ஏடிமெகா32, போர்ட் சி-யில் எட்டு எல்.இ.டி, வலமிருந்து இடமாக ஒவ்வொன்றாக ஓட வேண்டும். ஒரு மாணவியின் பலகையில் முதல் இரண்டு எரிந்தன, கடைசி இரண்டு எரிந்தன, நடுவில் நான்கும் இருண்டிருந்தன. அவர் ஒயர்களைப் பிடுங்கி மீண்டும் குத்தினார், எல்.இ.டி-களை மாற்றினார், தேர்வு நேரம் முடியும் வரை அந்த நான்கு இருண்ட இடங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஐயா, புரோகிராம் சரியாகத்தான் இருக்கிறது" என்று ஒரே ஒரு முறை சொன்னார். பிரெட்போர்டில் இணைப்புச் சரியில்லை என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அந்தச் சிப் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஜேடேக் ஃபியூஸ் (சிப்பைச் சோதிக்கும் ஜேடேக் இணைப்பை இயக்கும் அமைப்பு பிட்; மின் ஃபியூஸ் அன்று) இயக்கப்பட்ட நிலையில் வருகிறது என்பதும், பி.சி.2 முதல் பி.சி.5 வரையிலான நான்கு பின்களை அது எடுத்துக்கொள்கிறது என்பதும், அவர் படிப்பு முடித்துப் போன பிறகுதான் எனக்குத் தெரிய வந்தன. மற்ற மாணவர்களின் சிப்புகள் முந்தைய ஆண்டுகளில் பயன்பட்டவை, யாரோ அந்த ஃபியூஸை மாற்றி வைத்திருக்க வேண்டும். அவருக்கு மட்டும் அன்று நான் புதுச் சிப்பைப் பிரித்துக் கொடுத்திருந்தேன். நல்லதாகக் கொடுப்பதாக எண்ணித்தான் கொடுத்தேன்.

தெற்கு வாசல் எழுதியது:

ஐயா, ஃபியூஸை மாற்றாமலே புரோகிராமிலிருந்து ஜேடேக்கை அணைக்கலாம். எம்சியுசிஎஸ்ஆர் ரிஜிஸ்டரில் ஜேடிடி என்னும் பிட்டில் நான்கு கடிகாரச் சுற்றுகளுக்குள் இரண்டு முறை 1 எழுத வேண்டும். ஒரு முறை மட்டும் எழுதினால் ஏற்காது. கம்பைலரின் ஆப்டிமைசேஷனை அணைத்து வைத்திருந்தால் இரண்டு முறை எழுதுவதற்கும் நடுவே கூடுதல் கட்டளைகள் புகுந்து அந்த எல்லை கடந்துவிடக்கூடும். எஸ்டிஎம்32எஃப்103-இலும் இதே கதைதான்: பி.ஏ.15, பி.பி.3, பி.பி.4 மூன்றும் ரீசெட்டில் ஜேடேக்கிடம் இருக்கும், ரீமேப் செய்தால்தான் (பின்களின் வேலையை மாற்றினால்தான்) நமக்குக் கிடைக்கும்.

என்னை உறுத்துவது வேறொன்று. கரண்ட் போனால் பின்கள் செத்துவிடும் என்று இங்கே எல்லோரும் எண்ணுவதுபோல் தெரிகிறது. நான் செய்து கொடுத்த ஓர் எண்ணி, ஏடிமெகா328பி வைத்தது, சில நாள்களில் உறைந்துபோகும். "அணைத்துப் போடுங்கள்" என்பேன். "அணைத்துப் போட்டும் அப்படியே இருக்கிறது" என்பார்கள். அவர்கள் சரியாகச் செய்யவில்லை என்றே நான் நம்பினேன். நேரில் போய், சிப்பின் விசிசி என்னும் மின்சப்ளைப் பின்னுக்குப் போகும் சிவப்பு ஒயரை நானே கழற்றினேன். ஒயர் என் கையில் இருந்தது, பலகையின் எல்.இ.டி மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. தனி சப்ளையில் ஓடிய சென்சாரின் 5 வோல்ட் வெளியீடு, உள்ளீட்டுப் பின்னுக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக ஏறிச் சிப்புக்கு உயிரூட்டிக்கொண்டிருந்தது. சிப் முழுமையாக இறக்காததால் சரியான ரீசெட் அதற்குக் கிடைக்கவே இல்லை. ஒரு ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, மின்னழுத்தம் சரிந்தால் ரீசெட் செய்யும் பிரவுன்-அவுட் கண்டறிதலையும் இயக்கினேன். அவர்களிடம் மன்னிப்பும் கேட்டேன்.

கிணற்றடி எழுதியது:

பழைய சாலிடர் ஐயா, நீங்கள் சொன்ன நோ-வோல்ட் காயிலைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூட நான் அந்தக் கோணத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. ஃபியூஸைப் பிடுங்காதது என் பொறுப்பு. ஐந்து நிமிடம் இருக்கிறது என்று சித்தப்பாவை நம்பவைத்தவனே நான்தான். ஆனால் சிப்பின் மீது நான் பழி போடவில்லை. கல்லூரியில் முதல் வரியிலிருந்து புரோகிராமைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் வரிக்கு முன்னால் ஒரு காலம் இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை என்பதையே எழுத வந்தேன்.

புதிய பலகையில் பிஎன்பி டிரான்சிஸ்டர்தான் இருக்கிறது. ரிலே இழுக்க வேண்டுமானால் பின் 0 ஆக வேண்டும். பழைய பலகையை எறியாமல் வைத்திருந்தேன். உங்கள் பதிவைப் படித்த பிறகு அதை எடுத்து, ரீசெட் பட்டனை அழுத்தியபடியே போர்ட் 1-இன் ஒவ்வொரு பின்னிலும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். ரிலேக்குப் போகும் பின்னில் மட்டும் நன்றாகவே குறைந்து, மற்ற ஏழிலும் 5 வோல்ட்டுக்குச் சற்றே குறைவாகக் காட்டியது. பட்டனை விட்டதும் எட்டும் 0 ஆயின. சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பட்டனை இன்னொரு முறை அழுத்தச் சொன்னார்.