'ரிசீவர்' என்பதற்கு 'வாங்கி' பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வீட்டுத் திரையரங்குக் கையேட்டில் 'சரவுண்ட் சவுண்ட் ரிசீவர்' (ஒலியைப் பிரித்து, அறையைச் சுற்றியுள்ள ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) என்பதைச் 'சூழொலிவாங்கி' என எழுதலாம் என்று முந்தைய மடலில் கூறியிருந்தீர்கள். 'சூழொலி'யில் எனக்கு மறுப்பில்லை, 'வாங்கி'தான் இடிக்கிறது. ஒலிவாங்கி என்றால் மைக் என்பது மேடையிலும் வானொலியிலும் ஊன்றிவிட்ட பொருள். போதாக்குறைக்கு, அறையின் ஒலியை அளப்பதற்கென்று பல ரிசீவர்களுடன் ஒரு சிறு மைக்கும் வருவதால், கையேட்டின் ஒரே பக்கத்தில் இரண்டு வாங்கிகள் முட்டிக்கொள்ளும். 'சூழொலிபெருக்கி' என்றாலோ படிப்பவர் அதை ஸ்பீக்கர் என்றே எடுத்துக்கொள்வார்.

ஆங்கிலப் பெயரே பழைய எச்சந்தான்: வானொலி ஏற்பியும் பெருக்கியும் ஒரே பெட்டியில் இருந்த காலத்தில் வந்தது. இன்றைய பெட்டியின் முதன்மை வேலை வேறு. எச்டிஎம்ஐ (படத்தையும் ஒலியையும் கடத்தும் இணைப்பு) வழியாக வரும் ஒரே குறிகையை (சிக்னலை) அது 5.1 அமைப்பில் ஐந்து முழுத் தடங்களாகவும் தாழொலிக்கான ஒரு தடமாகவும் பிரிக்கிறது. ஐந்தைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிறது. ஆறாவதைப் பெருக்காமலே, தனக்கெனப் பெருக்கி கொண்ட சப்ஊஃபரிடம் (தாழொலி ஸ்பீக்கரிடம்) விட்டுவிடுகிறது. ஆறுக்கும் பொதுவான வினை பகிர்தலே என்பதால் 'சூழொலிபகிர்வி' என்பதை முன்வைக்கிறேன். 'ஒலிபெருக்கி' போலவே இதிலும் ஒற்று மிகாது. பகிர்தல் என்றதும் சமூக ஊடகம் நினைவுக்கு வருமே என்பது நியாயமான தடைதான். ஆயினும் மின்சாரத்தில் 'பகிர்மானம்' என்ற சொல் நெடுங்காலமாகத் தடையின்றிப் புழங்குகிறது.

'கேபிள்' அனைத்தையும் 'வடம்' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. குறிகை செல்வதை வடம் என்றும், ஸ்பீக்கருக்கு ஆற்றல் செல்வதைக் கம்பி என்றும் பிரித்தால், வாங்குபவருக்கே பயன். எச்டிஎம்ஐ வடத்தில் பார்க்க வேண்டியது தரவு வேகம், அதாவது நொடிக்கு 18 கிகாபிட்டா 48 கிகாபிட்டா என்பது. விலை கூடினால் ஒலி இனிமையாகிவிடாது. கம்பியில் பார்க்க வேண்டியது தடிமன்: சாதாரண அறைக்கு 16 கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) போதும், தொலைவு கூடினால் 14. எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதால், 'கேஜ்' என்பதற்குத் 'தடிப்பெண்' என்ற பரிந்துரை நேர்மாறாகப் புரிந்துகொள்ளப்படும். அதைக் கேஜ் என்றே விட்டுவிடலாம்.

என் பரிந்துரைகளைக் கையேட்டின் எச்சரிக்கையிலேயே எழுதிப் பார்த்தேன்: "சூழொலிபகிர்வியின் சிவப்பு, கறுப்பு முனைகளில் கம்பியைச் செருகும் முன் இழைகளை இறுக முறுக்குக, பிரிந்த ஓர் இழை அடுத்த முனையைத் தொட்டாலும் பகிர்வி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்." சென்ற மாதம் என் வீட்டில் அப்படித்தான் அணைந்தது. மயிரிழை போன்ற அந்தச் செம்பைக் கண்டுபிடிக்க ஒரு முழு மாலை பிடித்தது. இவ்வாக்கியத்தில் 'சூழொலிவாங்கி' என்று மாற்றிப் படித்துவிட்டு உங்கள் கருத்தை எழுதுங்கள்.