அசரியா அத்தியட்சருக்கு 1912இல் கிடைத்தது எவ்வளவு அதிகாரம்?

தாமிரபரணி:
வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) சபையின் முதல் இந்திய அத்தியட்சர், அதாவது பிஷப். இதோடு பேச்சை முடித்துவிடுகிறோம். எந்த ஊருக்கு அத்தியட்சர் என்று கேட்பதில்லை. 1912 டிசம்பர் 29, கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் அபிஷேகம். ஒப்படைத்த இடம் தோர்ணக்கல், நிஜாம் சமஸ்தானத்தின் ஒரு மூலை. வெள்ளைக்காரக் குருமார் ஓர் இந்தியருக்குக் கீழ்ப்படிய நேரக்கூடாது என்று பார்த்துச் செய்த ஏற்பாடு இது.

சேகரக்கணக்கு:
பாதி சரி. சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். கல்கத்தா (1814), சென்னை (1835), பம்பாய் (1837) மூன்று திருமண்டலங்களும் (ஓர் அத்தியட்சரின் ஆளுகைப் பகுதி) பிரிட்டிஷ் அரச பட்டயத்தால் உண்டானவை. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் புதிதாக ஒன்றை வெட்டி எடுப்பது லேசில் நடக்காது. சமஸ்தானத்தில் அந்தச் சிக்கல் குறைவு; 1879இல் திருவிதாங்கூர்-கொச்சி அப்படித்தான் வந்தது. 1877இல் நெல்லைப் பகுதிக்கென அபிஷேகம் பெற்ற கால்டுவெல்லும் சார்ஜன்ட்டும் யார்? வெள்ளைக்காரர்கள்தானே? அவர்களுமே சென்னை அத்தியட்சருக்கு உதவி அத்தியட்சர்கள். நெல்லைக்குத் தனித் திருமண்டலம் வந்ததே 1896இல்.

தாமிரபரணி:
கால்டுவெல்லுக்குச் சட்டம் தடை, அசரியாவுக்கு நிறமும் தடை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். 1910 எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மிஷனரிகளின் முகத்துக்கு நேரே "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டவர் அவர். அதற்கு இரண்டு வருஷம் கழித்து நடந்தது இது. ஒன்று மட்டும் நியாயத்துக்குச் சொல்கிறேன்: நியமனத்தை எதிர்த்தவர்களில் இந்தியக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள்.

வாசகன்72:
குறுக்கே ஒரு கேள்வி. 1909இல் குருப்பட்டம், 1912இல் அத்தியட்சர். இது முறைதானா?

சேகரக்கணக்கு:
முறைதான். ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகக் கணக்குப்படி உதவிக்குருவுக்கு 23 வயது, குருவுக்கு 24, அத்தியட்சருக்கு 30. அவருக்கு 38. இத்தனை வருஷம் குருவாக இருக்கவேண்டும் என்று விதி இல்லை. அபிஷேகத்தில் குறைந்தது மூன்று அத்தியட்சர்கள் கைவைக்க வேண்டும், அதுதான் முக்கியம். அதுவுமல்லாமல், 1909 வரை ஒய்.எம்.சி.ஏ. செயலராக ஊர் ஊராகச் சுற்றியவர். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியதில் முன்நின்றவர். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் சட்டம். தோர்ணக்கல்லில் ஊழியம் தொடங்கியதே அந்தச் சங்கம், நெல்லைக்காரர் காணிக்கையில். அப்படியிருக்க "மூலையில் தள்ளினார்கள்" என்பது எனக்கு ஒட்டவில்லை. அவருடைய ஆட்கள் வேலை செய்த மண்ணையே கொடுத்தார்கள்.

தாமிரபரணி:
கொடுத்தார்கள், சரி. தமிழரைத் தெலுங்கு நாட்டுக்கு!

சேகரக்கணக்கு:
தெலுங்கு படித்துத்தான் போனார். 1920களில் சென்னைத் திருமண்டலத்தின் கிருஷ்ணா, கோதாவரிப் பக்கத்துத் தெலுங்குச் சபைகளும் அவர் கைக்கு வந்தன. அங்கே சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரி சங்கத்தின் வெள்ளைக்கார மிஷனரிகள் இருந்தார்கள். அவர்களுக்கும் அத்தியட்சர் இவரே. மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் ஆயிரக்கணக்கில் சபைக்கு வந்தபோது குருப்பட்டம் இல்லாத கிராம உபதேசியாரையே பயிற்றுவித்துக் குருவாக்கினார். ஆங்கிலம் தெரியவேண்டும் என்று காத்திருந்தால் சேகரங்களுக்கு (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகள்) ஆள் கிடைத்திருக்காது. 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டையான தோர்ணக்கல் பேராலயத்தைப் பாருங்கள்: குவிமாடமும் சத்ரியுமாக (தூண்கள் மேல் நிற்கும் சிறு மண்டபம்), லண்டன் ஜாடையே இல்லாமல். அலங்காரப் பதவியில் உட்கார்ந்தவர் இவ்வளவும் செய்வாரா?

தாமிரபரணி:
அவர் செய்தது அவருடைய திறமை. நான் கேட்பது, கொடுத்தவர்களின் மனசைப் பற்றி. 1927இல் இந்தியத் திருச்சபைச் சட்டம் நிறைவேறி, 1930இல் அமலாகி, அரச பட்டயக் கட்டு அவிழ்ந்தது. நீங்கள் சொன்ன சட்டச் சாக்கு அத்தோடு தீர்ந்தது அல்லவா? 1945 ஜனவரி 1 அன்று அவர் இறக்கும்வரை வேறோர் இந்தியரிடம் ஒரு திருமண்டலத்தைக்கூட ஒப்படைக்கவில்லை. அந்தப் 15 வருஷத்துக்கு எந்தச் சட்டத்தைக் காட்டுவீர்கள்?

சேகரக்கணக்கு:
அந்தப் 15 வருஷத்துக்குச் சட்டம் எதுவும் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். உதவி அத்தியட்சர்களாக இந்தியர் சிலர் வந்தார்கள், அவ்வளவே. ஆனால் தலைப்பு 1912.