கோவையிலிருந்து தேவாலா, பந்தலூர்: மே மாதம் பைக்கில் மூன்று நாள். வழி, பிரேக், பழைய தங்கச் சுரங்கங்கள் பற்றி

சூலூர் சக்கரம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மே இரண்டாவது வாரம், வெள்ளி முதல் ஞாயிறு வரை, கோவையிலிருந்து தேவாலா, பந்தலூர் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். ஊட்டி பார்ப்பது நோக்கமில்லை, அது வழியில் வருவதோடு சரி. 1880 வாக்கில் தங்கம் தேடி வெள்ளைக்காரர்கள் குவிந்த ஊர், மூன்று மாநில எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் என்பதால்தான் தேவாலாவைத் தேர்ந்தெடுத்தோம்.

வண்டி இரண்டு: 2016 ஸ்ப்ளெண்டர் (கார்புரேட்டர், முன்னும் பின்னும் டிரம் பிரேக், இரண்டு பேர்), பிஎஸ்6 கிளாசிக் 350 (டிஸ்க், ஒருவர், பைகள் எல்லாம் இதில்).

தெரிய வேண்டியவை:
1. எந்த வழி? கல்லட்டி வழியாக (ஊட்டியிலிருந்து மசினகுடி ரோடு) இறங்க விடுவார்களா?
2. ஸ்ப்ளெண்டருக்கு ஊட்டி உயரத்தில் கார்புரேட்டர் ட்யூனிங் தேவையா? டிரம் பிரேக்கை நம்பி இரண்டு பேர் இறங்கலாமா?
3. பழைய சுரங்கங்களை உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?
4. மழை, யானை நிலவரம்?

தேவாலா வாசி

முதலில் இ-பாஸ். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம், டிஎன் 43 (நீலகிரி) பதிவு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைக்கிறார்கள். 2025-ல் வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000. வெள்ளிக்கிழமை ஏறுவது உங்களுக்கு நல்லதுதான், ஆனாலும் தேதி முடிவானதும் இரண்டு வண்டிக்கும் தனித்தனியாகப் போட்டுவிடுங்கள். கல்லாறு செக்போஸ்டில் நின்றுகொண்டு போனில் விண்ணப்பிக்கிறவர்களால்தான் அங்கே வரிசை நீள்கிறது.

வழி: கோவை, மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, பைக்காரா, நடுவட்டம், கூடலூர், நாடுகாணி, தேவாலா, பந்தலூர். மொத்தம் சுமார் 160 கி.மீ. சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற குன்னூர் ரோடு, இறங்க கோத்தகிரி ரோடு என்று ஒருவழியாக்குவது வழக்கம். அதை எதிர்த்துத் திட்டம் போடாதீர்கள்.

கல்லட்டி: வெளியூர் வண்டிகள் இறங்க அனுமதி இல்லை. 36 கொண்டை ஊசி வளைவு, சரிவு மிகக் கடுமை. பிரேக் சூடேறி விபத்து ஆனது பல முறை, அதனால்தான் தடை. மசினகுடியிலிருந்து ஏறலாம். இரண்டு பேர் உட்கார்ந்த 100 சிசி வண்டிக்கு அதுவும் வேண்டாம், பாதி தூரம் முதல் கியரிலேயே திணறும்.

முதல் நாள் காலை 5 மணிக்குக் கோவையை விட்டால் 9 மணிக்குள் ஊட்டியைத் தாண்டிவிடலாம். 10 மணிக்கு மேல் சேரிங்கிராஸ் பக்கம் போனால் ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும். ஊட்டியில் சாப்பிட நிற்காமல் பைக்காரா தாண்டி நிறுத்துங்கள். மதியம் 2 மணிக்குள் கூடலூரில் அறைக்குப் போய்விட வேண்டும். மே மாதக் கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடுதான் வரும்.

தங்குவது கூடலூரில். இரண்டு இரவும் ஒரே அறை எடுத்து, பைகளை அங்கே வைத்துவிட்டு இரண்டாம் நாள் வெறும் வண்டியோடு தேவாலா, பந்தலூர் போய் வாருங்கள். கூடலூரிலிருந்து பந்தலூர் 24 கி.மீ. தான். தூரம் குறைவு என்று வேகமாகப் போகிற ரோடு இல்லை. தேயிலைச் செடி ரோட்டு விளிம்பு வரை நிற்கும், வளைவுக்கு அந்தப் பக்கம் பச்சைத் தேயிலை மூட்டை ஏற்ற லாரி நிற்பது தெரியாது. 30 கி.மீ. வேகம் போதும்.

மே மாதம் கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி நடக்கும். உங்கள் தேதியோடு அது மோதினால் அறை கிடைப்பது சிரமம், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

குன்னூர் பட்டறை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

கார்புரேட்டர்: ஊட்டி 2,240 மீட்டர். காற்றின் அடர்த்தி சமவெளியைவிட நன்றாகவே குறைவு. பெட்ரோல் அதே அளவு வரும், காற்று குறையும், கலவை கெட்டியாகும். வண்டி இழுக்காது, ஐடிலிங் விழும், பிளக் கறுக்கும். ஒரு நாள் கடந்துபோக ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) மாற்றத் தேவையில்லை. கிளம்பும் முன் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், அழுக்கு ஃபில்டர் இருந்தால் பாதிப்பு இரட்டிப்பாகும். மேலே வண்டி அணைந்துகொண்டே இருந்தால் ஐடில் ஸ்க்ரூவை மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள். பக்கத்தில் உள்ள மிக்ஸர் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். சில கார்புரேட்டரில் அது காற்றைக் கட்டுப்படுத்தும், சிலவற்றில் பெட்ரோலை. திருப்பும் திசை தலைகீழாகிவிடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது சோக் இழுக்கவே கூடாது, பிளக் நனைந்துவிடும். கூடலூருக்கு இறங்கியதும் (அது 1,100 மீட்டர் அளவுதான்) தானாகச் சரியாகும், ஐடிலை மறக்காமல் இறக்கிவிடுங்கள். கிளாசிக்குக்கு இதெல்லாம் இல்லை, இன்ஜெக்‌ஷன் தானே சரிசெய்துகொள்ளும்.

டயர் காற்று: ஊட்டியில் நிறையப் பேர் "மேலே வந்தால் காற்று ஏறிவிடும்" என்று கொஞ்சம் இறக்கிவிடுகிறார்கள். அது தப்பு. வெளிக்காற்றழுத்தம் குறைவதால் கேஜில் 3 பிஎஸ்ஐ போலக் கூடும் என்பது உண்மை. ஆனால் மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி, ஊட்டியில் 15 டிகிரி என்றால் குளிரில் ஏறக்குறைய அதே அளவு குறைந்துவிடும். கீழே 28 வைத்தால் மேலேயும் 28, 29 தான் காட்டும். மேலே இறக்கிவிட்டால் திரும்பி இறங்கும்போது டயர் தொய்ந்திருக்கும், வளைவில் வண்டி மிதக்கும். ஸ்டிக்கரில் இரண்டு பேருக்கு எழுதியிருக்கும் அளவைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது வைத்துவிட்டு அப்படியே விடுங்கள்.

இனி பிரேக். டிரம் பிரேக்கில் இரண்டு பேர் தாராளமாக இறங்கலாம், இறங்கும் முறை சரியாக இருந்தால். பின் சக்கர டிரம்மில் பிரேக் கம்பி சேரும் கைக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும். பெடலை முழுதாக அழுத்தும்போது அது டிரம் மேல் உள்ள கோட்டைத் தொட்டால் ஷூ முடிந்தது. தொடாவிட்டாலும் பக்கத்தில் போகிறது என்றால் மாற்றிவிட்டு, குறைந்தது 200 கி.மீ. சமவெளியில் ஓட்டி ஷூ படிந்த பிறகு மலைக்கு வாருங்கள். புதுப் பிரேக் ஷூவோடு நேராக மலையேறுவது ஆபத்து. பரப்பு முழுதாகப் பதியாததால் பிடிப்பு பாதிதான் இருக்கும்.

நடுவட்டத்திலிருந்து கூடலூர் வரை தொடர் இறக்கம். ஸ்ப்ளெண்டர் இரண்டாவது கியர், கொண்டை ஊசியில் முதல் கியர். கியரை வளைவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள், வளைவுக்குள் கிளட்ச் பிடித்தால் வண்டி நியூட்ரலில் உருளுவதற்குச் சமம். பிரேக்கைத் தேய்த்தபடியே இறங்காதீர்கள். அழுத்திப் பிடி, விடு, ஆறவிடு. பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகிறது, கருகிய வாடை வருகிறது என்றால் ஓரம்கட்டி 20 நிமிடம் நிறுத்துங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது, டிரம் கோணலாகிவிடும். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து இறங்குவதைக் கனவிலும் நினைக்காதீர்கள்.

கிளாசிக்கில் பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் மாற்றுங்கள். டாட் 4 புதிதாக இருக்கும்போது 230 டிகிரியில் கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சியபின் அந்த எண் 155 வரை இறங்கலாம். ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகி லீவர் பஞ்சு போல் உள்ளே போய்விடும்.

கையில் வைத்துக்கொள்ள: ஸ்ப்ளெண்டருக்கு கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், ஒரு பிளக், டயரில் எழுதியிருக்கும் அளவுக்குப் பின் டியூப் ஒன்று. இரண்டுக்கும் ஃபியூஸ், காற்றடிக்கும் பம்ப், ஆக்ஸில் நட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பேனர். ஸ்பேனரை வீட்டிலேயே ஒரு முறை போட்டுப் பாருங்கள், இறுகிய நட்டு அங்கேதான் தெரியும். கிளாசிக் ஸ்போக் சக்கரம் என்றால் டியூப் டயர்தான், குச்சி சொருகும் பஞ்சர் கிட் அதற்கு உதவாது.

எல்லைக்கல்

மூன்றாவது கேள்விக்கு ஒரே பதில்: உள்ளே போகாதீர்கள்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால் ஊரை வேறு மாதிரிப் பார்ப்பீர்கள். இந்தப் பகுதி தென்கிழக்கு வயநாடு. 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது, அதன்பிறகுதான் நீலகிரியோடு சேர்த்தார்கள். பணியர், குறும்பர் மக்கள் ஓடைகளில் பொன் அரித்தது அதற்கும் வெகு காலம் முன்பு. அதைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரர்கள் வெண்கல் (குவார்ட்ஸ்) பாறையைத் தோண்ட வந்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்பவரை அரசு வரவழைத்தது. 1880-ல் அவருடைய அறிக்கை வந்த கையோடு லண்டனில் 40-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் பங்கு விற்றன. பணத்தில் பெரும்பகுதி நிலத்தை விற்றவர்கள் கைக்குப் போனது. பாறையை இடித்துப் பார்த்தபோது டன்னுக்குச் சில கிராம்தான் தேறியது. காற்றும் மழையும் அரித்த மேல்மட்டத்தில் பொன் எளிதில் பிரியும், ஆழத்தில் அது வேறு தாதுக்களோடு கலந்து கிடக்கும், பிரிக்கச் செலவு அதிகம். சில வருஷங்களில் எல்லாம் மூடப்பட்டு நிலம் தோட்டமானது.

அப்படி விட்டுப்போன குழிகள்தான் இன்று காட்டுக்குள்ளும் தனியார் எஸ்டேட்டுக்குள்ளும் இருக்கின்றன. வேலி இல்லை, பலகை இல்லை. வாய் மேல் புதர் மூடியிருக்கும், காலடியில்தான் தெரியும். உள்ளே காற்றோட்டம் கிடையாது, மண் ஈரத்தில் சரியும். திருட்டுத்தனமாகத் தோண்டப் போய் உயிர்விட்டவர்கள் உண்டு. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைப்பதே வனச் சட்டப்படி குற்றம். "நான் காட்டுகிறேன்" என்று யாராவது கூப்பிட்டாலும் போகாதீர்கள், மாட்டினால் வழக்கு உங்கள் மேல்தான்.

ரோட்டிலிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது. தேவாலா கடைவீதியில் அரை மணி நேரம் நின்றால் தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றும் காதில் விழும். பந்தலூர், சேரம்பாடி பக்கம் டேன்டீ தோட்டங்களும் லயன் வீடுகளும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) உண்டு. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழருக்கு வேலை கொடுக்க அரசு 1968-ல் தொடங்கிய தேயிலைத் திட்டம் அது. தங்கம் நாலைந்து வருஷம், தேயிலை இன்று வரை. இந்த ஊரின் உண்மையான வரலாறு அந்த லயன்களில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வீடுகளைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

வரும் வழியில் நடுவட்டத்தில் பழைய சிறையையும் பார்த்துவிடுங்கள். சீனக் கைதிகளைக் கொண்டுவந்து சிங்கோனா தோட்ட வேலையில் வைத்திருந்த இடம்.

தேவாலா வாசி

மழையும் யானையும் விட்டுப்போனது.

மே இரண்டாவது வாரம் சரியான நேரம். மாசக் கடைசிக்குத் தள்ளிப் போட்டால் தென்மேற்குப் பருவமழை தொட்டுவிடும். கேரளத்தில் ஜூன் 1 வாக்கில் தொடங்கும் மழை தேவாலாவில் தமிழ்நாட்டிலேயே அதிகம் கொட்டும் மழைகளில் ஒன்று. மழை பெய்து முடிந்த முதல் ஒரு மணி நேரம் ரோடு ரொம்ப வழுக்கும். கொண்டை ஊசி உள்வளைவில் வானவில் நிறத்தில் மினுமினுப்பு தெரிந்தால் பஸ் டேங்கிலிருந்து சிந்திய டீசல், அதன் மேல் பிரேக் பிடிக்காதீர்கள். டிரம்முக்குள் தண்ணீர் போனால் முதல் இரண்டு மூன்று தடவை பிடிக்காது. சமதளத்தில் லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும். மழை பெய்தால் புல்லில் அட்டை இருக்கும், ஒரு பொட்டலம் உப்பு போதும்.

யானை: மாலை 5 மணிக்குமேல் நாடுகாணி, தேவாலா ரோட்டில் இருக்காதீர்கள். காலை 7-க்கு முன்பும் வேண்டாம். யானை ரோட்டில் நின்றால் 100 மீட்டர் தள்ளியே நிறுத்தி, வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடட்டும், ஹாரன் வேண்டாம், லைட்டை அடித்தடித்து அணைக்க வேண்டாம். குட்டி ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமும் இருந்தால் நடுவில் புகவே கூடாது. பஸ் வந்தால் அதன் பின்னால் ஒட்டிப் போங்கள்.

தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு மாவட்டம் முழுக்கத் தடை, செக்போஸ்டிலேயே வாங்கிவிடுவார்கள். வழியில் குடிநீர் ஏடிஎம் உண்டு.

சூலூர் சக்கரம்

மிக்க நன்றிங்க. ஸ்ப்ளெண்டர் ஷூவை இந்த வாரமே மாற்றிவிடுகிறோம். இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமை ஊட்டி வழியாகத் திரும்பாமல் நாடுகாணி சுரம் (மலைப்பாதை) இறங்கி நிலம்பூர், பெரிந்தல்மண்ணா, பாலக்காடு வழியாக வந்தால் என்ன?

எல்லைக்கல்

ஞாயிற்றுக்கிழமைக்கு அதுதான் நல்லது. கோத்தகிரி இறக்கத்தில் கார் வரிசைக்குப் பின்னால் நாள் முழுக்க முதல் கியரில் உருளுவதைவிட கொஞ்சம் தூரம் கூடச் சுற்றுவது உடம்புக்கு எளிது. வழிக்கடவு வரை சுரம் இறக்கம், அங்கே பட்டறை சொன்ன அதே கியர் விதி. அதன் பிறகு சமவெளி. கூடலூரில் 7 மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் நிலம்பூர் வந்துவிடலாம். 1840-களில் நட்ட கனோலி தேக்குத் தோட்டம் அங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. பெரிந்தல்மண்ணாவிலிருந்து பாலக்காடு வரை மே வெயில் கடுமையாக அடிக்கும், ஜெர்க்கினைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு முழுக்கை பருத்திச் சட்டையோடு ஓட்டுங்கள்.

குன்னூர் பட்டறை

அந்த வழி போனால் கிளம்பும் காலையில் ஸ்ப்ளெண்டர் செயின் தொய்வை ஒரு முறை பாருங்கள். இரண்டு பேரோடு மலை ஏறி இறங்கினால் கட்டாயம் தளர்ந்திருக்கும். செயின் கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி விரலால் தூக்கினால் 20 முதல் 30 மி.மீ. ஆட வேண்டும். இறுக்கினால் பின் பிரேக் கம்பியும் சேர்ந்து இழுபடும், பெடலையும் மறுபடி செட் பண்ணிவிட்டுத்தான் சுரம் இறங்க வேண்டும்.