அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் அந்த ஒரு வரியைப் பள்ளிச் சுவரில் வைத்திருக்கலாமா?

ஆற்றுமணல்:
எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் போன ஞாயிறு, 1776-இல் பிரிட்டனிடமிருந்து பிரிவதாக அறிவித்த அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டு வாசித்தோம். அதுவரை எனக்குத் தெரிந்தது "எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டிருக்கிறார்கள்" என்ற வரி மட்டும்தான். எங்கள் தெருப் பள்ளிச் சுவரில்கூட அது இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே பிரிட்டன் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மேல் 27 குற்றச்சாட்டுகள் வருகின்றன. கடைசியானது வந்ததும் வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் நிறுத்திவிட்டார். அங்கே பூர்வகுடி மக்களை "இரக்கமற்ற காட்டுமிராண்டிகள்" என்று எழுதியிருக்கிறார்கள்.

அதே குற்றச்சாட்டில், எங்களுக்குள்ளேயே கலகத்தைத் தூண்டிவிட்டார் என்றும் மன்னர் மேல் புகார். எது கலகம்? 1775 நவம்பரில் மன்னரின் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் ஓர் அறிவிப்பு விட்டார்: கிளர்ச்சிக்காரர்களிடம் இருக்கும் அடிமைகள் தப்பி வந்து மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை. அப்படி விடுதலை தேடி ஓடியவர்களைத்தான் இவர்கள் கலகக்காரர்கள் என்கிறார்கள்.

பிரகடனத்தின் வரைவை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனுக்கு அப்போது வயது 33. வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். பிலடெல்பியாவில் அந்த நாட்களில் அவருக்குப் பணிவிடை செய்ய உடனிருந்தது ராபர்ட் ஹெமிங்ஸ் என்ற 14 வயது அடிமைப் பையன். சுவரிலிருந்து அந்த வரியை அழிக்க வேண்டும் என்கிறேன்.

வழக்குக்கட்டு:
நான் கீழமை நீதிமன்றத்தில் வழக்காடுகிறவன். நீங்கள் சொன்ன உண்மைகள் எதையும் மறுக்கவில்லை, முடிவை மறுக்கிறேன்.

அந்த ஆவணத்தை ஒரு பிராதாகப் படித்துப் பாருங்கள். முதலில் உரிமை என்ன என்று சொல்கிறது. பிறகு எதிராளி செய்த மீறல்களை அடுக்குகிறது. முன்பு கொடுத்த மனுக்களுக்கெல்லாம் மேலும் மேலும் தீங்குதான் பதிலாக வந்தது என்கிறது. கடைசியில், ஆகையால் நாங்கள் இனி சுதந்திர நாடுகள் என்று பரிகாரத்தையும் தானே எழுதிக்கொள்கிறது. குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை "அவர்", "அவர்" என்றே தொடங்கும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர்கள்மேல் வரிப்பணம் விதித்தது லண்டன் நாடாளுமன்றம், ஆனால் நாடாளுமன்றம் என்ற சொல்லே ஆவணத்தில் கிடையாது. நாடாளுமன்றத்துக்கு எங்கள்மேல் அதிகாரமே இல்லை, எங்களைக் கட்டியிருந்த கயிறு மன்னர் மட்டும்தான் என்பது அவர்கள் கட்சி. அதனால் எதிராளி ஒரே ஆள். காதில் விழுவதற்கென்றே எழுதிய எழுத்து அது. 1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கில் தளபதி வாஷிங்டனின் படைவீரர்களுக்கு அதை வாசித்துக் காட்டினார்கள். அன்று மாலையே கூட்டம் போய் மன்னரின் சிலையைக் கீழே தள்ளியது. அந்த ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டு செய்தார்கள்.

இன்னொன்று. ஜெஃபர்சனின் வரைவில் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஒரு பத்தியே இருந்தது. தென் கரோலினா, ஜார்ஜியா பிரதிநிதிகளுக்காக அதை எடுத்துவிட்டார்கள்.

ஆற்றுமணல்:
வக்கீல் சார், அந்தப் பத்தியை முழுதாகப் படித்தீர்களா? அடிமை வியாபாரத்துக்கும் மன்னர்தான் காரணம் என்று பழியை அங்கே தள்ளிவிட்டு, அடுத்த மூச்சில் அதே அடிமைகளை எங்களுக்கு எதிராக ஆயுதம் எடுக்கத் தூண்டுகிறார் என்று புலம்புகிறது. விடுவிப்போம் என்று அதில் ஒரு சொல் இல்லை. 1775-லேயே லண்டனில் எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் கேட்டுவிட்டார்: விடுதலைக்காக உரக்கக் குரல் எழுப்புகிறவர்கள் அடிமைகளை வேலை வாங்குகிறவர்களாகவே இருப்பது எப்படி என்று. 250 வருஷம் ஆகியும் அதற்குப் பதில் வரவில்லை.

தமிழாசிரியை:
இருவருக்கும் வணக்கம். நான் மொழிக்காரி, மொழி வழியாகவே ஒன்று சொல்கிறேன். மூலத்தில் இருப்பது ஆண்களைக் குறிக்கும் சொல்தான். மனித குலம் முழுவதையும் குறிக்க அன்று அதையே பொதுச்சொல்லாகவும் வைத்திருந்தார்கள். தமிழில் நாம் "மனிதர்" என்கிறோம். பெண்ணும் அதற்குள் தானாக வந்துவிடுகிறாள். ஆங்கிலத்தில் அந்தக் கதவைத் திறக்க ஒரு பெண்ணுரிமை மாநாடு கூட வேண்டியிருந்தது. 1848-இல் அமெரிக்காவின் செனகா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் எலிசபெத் கேடி ஸ்டான்டனும் மற்றவர்களும் அதே வரியை எடுத்து "எல்லா ஆண்களும் பெண்களும்" என்று எழுதினார்கள். மன்னர் இருந்த இடத்தில் ஆண்குலத்தை நிறுத்தி, குற்றச்சாட்டுகளையும் அதே நடையில் அடுக்கினார்கள். 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். எழுதியவர் கனவிலும் நினைக்காத இடத்துக்கு அந்த வரி போய்விட்டது. அழித்துவிட்டால் இந்தப் பெண்களின் உழைப்பும் சேர்ந்தல்லவா அழியும்?

ஆற்றுமணல்:
அம்மா, நல்லவர்கள் மட்டுமா எடுத்தார்கள்? 1860 டிசம்பரில் தென் கரோலினா அமெரிக்காவிலிருந்து பிரிந்தபோது இதே பிரகடனத்தை மேற்கோள் காட்டித்தான் பிரிந்தது. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்வதற்காக! 1965 நவம்பர் 11 அன்று ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) இயன் ஸ்மித்தின் வெள்ளையர் அரசு வெளியிட்ட சுதந்திரப் பிரகடனமும் அமெரிக்க நடையை அப்படியே வார்த்து எடுத்ததுதான். கறுப்பின மக்கள் ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக. யார் கைக்கும் பொருந்துகிற கத்தியை எதற்குச் சுவரில் மாட்ட வேண்டும்?

வழக்குக்கட்டு:
நீங்கள் காட்டிய இரண்டையும் நான் என் சாட்சிகளாக எடுத்துக்கொள்கிறேன். இரண்டிலும் என்ன இல்லை என்று பாருங்கள். தென் கரோலினா எடுத்துக்கொண்டது, அரசை மாற்றவோ ஒழிக்கவோ மக்களுக்கு உரிமை உண்டு என்ற பகுதியை. "எல்லாரும் சமம்" அங்கே இல்லை. ரொடீசியாக்காரர்கள் தொடக்க வாசகத்தைக் கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து எடுத்தார்கள், இந்த வரியை மட்டும் விட்டுவிட்டார்கள். 1861 மார்ச்சில் அப்படிப் பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென்பகுதிக் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் சவானா நகரில் வெளிப்படையாகவே பேசினார்: இனங்கள் சமம் என்று பழைய தலைவர்கள் எண்ணியது தவறு, எங்கள் அரசு அதற்கு நேர்மாறான கருத்தின்மேல் நிற்கிறது என்று. வெறும் அலங்கார வரி என்றால் அடிமை முதலாளிகள் அதை ஏன் மேடை போட்டு மறுக்க வேண்டும்?

ஆற்றுமணல்:
இது என்னை யோசிக்க வைத்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "சமம் என்ற வரியை விட்டவன் கெட்டவன்" என்று விதி செய்துவிடாதீர்கள். 1930 ஜனவரி 26 அன்று நம் ஊர்களில் எடுத்த பூரண சுயராஜ்ய உறுதிமொழியைப் பாருங்கள். பறிக்க முடியாத உரிமை, அரசை மாற்றவோ ஒழிக்கவோ மக்களுக்குள்ள உரிமை, எல்லாம் இந்த அமெரிக்கச் சாயலில்தான் இருக்கின்றன. "எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்" என்பது அதில் இல்லை. அவர்களும் ரொடீசியாவும் ஒன்றா?

தமிழாசிரியை:
இல்லை. அந்த உறுதிமொழியின் முதல் வாக்கியத்திலேயே "மற்ற எந்த மக்களுக்கும் உள்ளதுபோல" இந்திய மக்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று வருகிறது. சமத்துவம் அங்கே ஓர் உவம உருபுக்குள் உட்கார்ந்திருக்கிறது. 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயின் பா டின் சதுக்கத்தில் வியட்நாமின் விடுதலையை அறிவித்த ஹோ சி மின் இதை இன்னும் வெளிச்சமாகவே செய்தார். அமெரிக்கப் பிரகடனத்தின் வரியைச் சொல்லித்தான் உரையைத் தொடங்கினார். உடனே, விரிந்த பொருளில் இதற்கு அர்த்தம், உலகத்து மக்களினங்கள் எல்லாம் பிறப்பால் சமம் என்பது என்று விளக்கினார். எனக்கு மிகவும் பிடித்த உரையாசிரியர் அவர்தான். மூலத்துக்கு மாறு சொல்லாமல் அதன் பொருளைப் பெரிதாக்கிவிட்டார்.

ஆற்றுமணல்:
அந்த உரையாசிரியருக்கு என்ன கிடைத்தது அம்மா? அதற்குப் பிறகு அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு அவர் கடிதம்மேல் கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கொஞ்ச வருஷத்தில் அமெரிக்கா, வியட்நாமை மீண்டும் பிடிக்கப் போரிட்ட பிரெஞ்சுக்காரர்களுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது. அந்த வரியை நம்பி எழுதியவனுக்கு, அதைச் சொந்தம் கொண்டாடுகிற நாடு செய்தது அது.

வழக்குக்கட்டு:
அதனால்தான் வரி வேண்டும் என்கிறேன். கடன் பத்திரத்தை எழுதியவன் பணம் கட்டவில்லை என்பதற்காகப் பத்திரத்தைக் கிழிப்பார்களா? 1852 ஜூலை 5 அன்று ராசெஸ்டரில், அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளஸ், அடிமைக்கு உங்கள் சுதந்திர நாளான ஜூலை 4 என்னவாக இருக்கிறது என்று கேட்டார். அந்த உரையிலேயே பிரகடனத்தின் கொள்கைகளைப் பற்றிக்கொண்டு நில்லுங்கள் என்றும் சொன்னார். பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

ஆற்றுமணல்:
டக்ளஸ் உரையை வரும் ஞாயிறு வட்டத்தில் வாசிக்கிறோம். வரியை அழிக்கச் சொன்னதை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் 27-ஆம் குற்றச்சாட்டும் அதே சுவரில், அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

வழக்குக்கட்டு:
சம்மதம். வரி மேலே, குற்றச்சாட்டு கீழே.

ஆற்றுமணல்:
மாட்டேன் சார். குற்றச்சாட்டுதான் மேலே. பிள்ளைகள் முதலில் அதைப் படிக்கட்டும்.