அப்பாவோடு லூசியானாவில் மீன்பிடிக்கப் போகிறேன், நியூ ஆர்லியன்ஸையும் சேர்த்துக்கொள்ளலாமா?

ஹூஸ்டன்வாசி:
வணக்கம் நண்பர்களே. தூத்துக்குடியிலிருந்து அப்பா வந்திருக்கிறார், ஜனவரி வரை எங்களோடு ஹூஸ்டனில் இருப்பார். வயது 69, முப்பது வருடத்துக்கு மேல் வள்ளத்தில் கடலுக்குப் போனவர். போன வருடம் அம்மா தவறியபிறகு பேச்சே குறைந்துவிட்டது. இங்கே வந்தும் பால்கனியில் நாற்காலி போட்டு கார் நிறுத்துமிடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எனக்கு மனசு கேட்கவில்லை.

நவம்பர் இரண்டாம் வாரம் நான்கு நாள் லீவு போட்டிருக்கிறேன். லூசியானாவின் தென்கோடி மீன்பிடித் துறையான வெனிஸ் போய் ஆழ்கடலில் சூரை பிடிக்க வைக்கலாம் என்று நினைத்தேன், அப்படியே நியூ ஆர்லியன்ஸும் பார்த்துவிடலாம். மனைவியும் 8 வயது மகளும் கூட வருகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. இது சரிப்படுமா? போனவர்கள் சொல்லுங்கள்.

தூண்டில்காரன்:
தம்பி, நல்ல காரியம், கட்டாயம் கூட்டிப்போங்கள். ஆனால் ஆழ்கடல் வேண்டாம். வெனிஸில் கண்டச்சரிவு, அதாவது கடலடி சட்டென்று ஆழமாகிற இடம், கரைக்குப் பக்கம் என்பதால் சூரைக்கு மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் போய்விடலாம் என்பது உண்மைதான், ஆனாலும் திரும்பிவர ஒரு முழு நாள் ஆகும், நவம்பரில் ஒரு வாடைக்காற்று இறங்கினால் அலை ஆளைத் தூக்கிப் போடும். மூன்று வருடம் முன்பு என் மாமனாரை அப்படித்தான் கூட்டிப்போனேன். அலை ஏறும் என்று முன்னறிவிப்பு இருந்தும் படகுக்காரர் கிளப்பிவிட்டார், மாமனார் ஆறு மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார், இடுப்பு வலி தீர ஒரு மாதம் ஆயிற்று.

சதுப்புக்குள் போங்கள். ஹோப்டேல் அல்லது டெலக்ரா, இரண்டு மீன்பிடி ஊர்களுமே நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். வெனிஸ் என்றால் ஒன்றரை மணி நேரம், அதுவும் விடியுமுன் ஓட்ட வேண்டும். 22, 24 அடிப் படகு, உட்கார இடம் இருக்கும், தண்ணீர் இடுப்பளவுகூட இல்லாத இடங்களில் புல் ஓரமாக நிறுத்தி மிதவைத் தூண்டில் போடுவார்கள். கீழே உயிர் இறால், மேலே மிதவை, சுண்டி இழுத்தால் 'களக்'கென்று சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்கு மீன் வரும். உங்கள் மகளும் போடலாம்.

அங்கே கிடைக்கிற ரெட்ஃபிஷ் நம்ம கத்தாளைக் குடும்பம்தான். அப்பா கையில் வாங்கியதுமே கண்டுபிடித்துவிடுவார். செம்பு நிறம், வால் ஆரம்பிக்கிற இடத்தில் மை தொட்டு வைத்தமாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. தண்ணீரை விட்டு எடுத்ததும் வயிற்றுக்குள்ளிருந்து உறுமும். புள்ளி போட்ட ஸ்பெக்கிள்டு ட்ரவுட்டும் பெயரில்தான் ட்ரவுட், அதுவும் இதே குடும்பம். ஆனால் ஹார்ட்ஹெட் என்கிற கெளிறு மாட்டினால் மகளைத் தொடவிடாதீர்கள். ஊர்க் கெளிறு மாதிரியே விஷ முள். குத்தினால் பொறுக்கிற அளவு வெந்நீரில் கையை வைக்க வேண்டும், அப்பாவுக்கு இது தெரிந்தே இருக்கும்.

2024இல் லூசியானாவில் மீன்பிடி விதியை இறுக்கினார்கள். ரெட்ஃபிஷ் ஒருவருக்கு நாளுக்கு 4, நீளம் 18 முதல் 27 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் உள்ளவை முட்டையிடுகிற பெரிய மீன்கள், திரும்ப விட்டுவிட வேண்டும். இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிடித்த பெரிய மீனை விடுவது கடலை நம்பிப் பிழைத்த ஒருவருக்குச் சட்டென்று மனசுக்கு ஒப்பாது. 1980களில் பால் புருடோம் என்கிற நியூ ஆர்லியன்ஸ் சமையற்காரர் இந்த மீனை மசாலா தடவி இரும்புச் சட்டியில் கறுக்க வாட்டிக் கொடுத்து நாடெங்கும் பிரபலமாகி, வலை போட்டு அள்ளியதில் இனமே குறைந்துபோனது, பிறகுதான் வணிகத்துக்குப் பிடிக்கத் தடை வந்தது. இந்தக் கதையைச் சொன்னால் அவரே விட்டுவிடுவார்.

லைசென்ஸ் ஒவ்வொருவருக்கும் வேண்டுமா, எந்த வகை என்று படகுக்காரரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நதிக்கரை:
நான் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தில்தான் 11 வருடமாக இருக்கிறேன். தூண்டில்காரன் அண்ணா சொன்னதோடு ஒன்று. மன்னார் வளைகுடாவில் நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறி இறங்கும், இங்கே பெரும்பாலும் ஒரே ஏற்றம் ஒரே வற்றம், அதுவும் ஓரடி அளவுதான். தண்ணீரை நகர்த்துவது காற்று. வாடை பலமாக அடித்தால் சதுப்புத் தண்ணீர் வெளியே தள்ளப்பட்டு மீனெல்லாம் ஆழமான கால்வாய்களில் கூடிவிடும். உங்கள் அப்பாவுக்கு இதில் நிச்சயம் ஆர்வம் வரும், படகுக்காரரோடு பேச ஒரு விஷயமும் கிடைக்கும், நீங்கள் மொழிபெயர்த்தால் போதும். டெலக்ரா பக்கம் உள்ளவர்களில் பலர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேனரி தீவுகளிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள். தலைமுறை தலைமுறையாக மீன், நண்டு, இறால்தான். வீடெல்லாம் தூண் மேல் நிற்கும்.

நகரத்தை மீன்பிடிக்கிற நாளில் வைக்காதீர்கள். விடியுமுன் எழுந்து மதியம் திரும்பினால் அப்பா தூங்கட்டும். மறுநாள் காலையிலேயே கஃபே டு மாண்ட், 1862லிருந்து இருக்கிற கடை. அங்கே காபியில் சிக்கரி கலந்திருப்பார்கள், பாலோடு வாங்கிக் கொடுங்கள், ஃபில்டர் காபி குடித்த வாய்க்கு அது அந்நியமாகத் தெரியாது. அப்புறம் செயின்ட் சார்ல்ஸ் டிராம், 1835லிருந்து ஓடுகிற தடம். ஏறி உட்கார்ந்தால் முழங்காலுக்கு வேலையே இல்லை, ஓக் மரங்களுக்கு அடியில் ஊரையே பார்த்துவிடலாம்.

இசைக்கு மதுக்கடைகள் நிறைந்த போர்பன் தெரு வேண்டாம், ராத்திரியில் குழந்தையோடு போகிற இடமில்லை. பிரிசர்வேஷன் ஹால் என்கிற ஜாஸ் இசை அரங்கில் குடும்பமாக உட்கார்ந்து கேட்கலாம், ஒரு கச்சேரி முக்கால் மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை இருந்தால் செகண்ட் லைன், அதாவது பேண்டு வாத்தியத்தின் பின்னால் ஆடிக்கொண்டே போகிற தெரு ஊர்வலம், எங்கே என்று விசாரியுங்கள். இங்கே சாவு ஊர்வலத்திலும் பேண்டு வாசிப்பார்கள், போகும்போது மெதுவாக, அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளலாக. மேளம் வைத்து வழியனுப்புகிற ஊர்க்காரருக்கு அதை விளக்கவே வேண்டாம். அம்மா போன துக்கத்தில் இருப்பவர் என்பதால் சொல்கிறேன், பார்த்தால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மீன்குழம்பு:
ஹோட்டல் வேண்டாம் ஹூஸ்டன்வாசி, சமையலறை உள்ள வீடாக எடுங்கள். படகுக்காரர் துறையிலேயே தோல் உரித்துச் சதையை வெட்டிக் கொடுத்துவிடுவார், தலையையும் முள்ளையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். குழம்புக்குத் தலை இல்லாவிட்டால் எப்படி? காரில் ஐஸ்பெட்டி இருக்கட்டும். விடியற்காலைப் படகு வேகத்துக்குக் குளிர் எலும்பில் ஏறும், அப்பாவுக்கு மங்கி குல்லா, ஸ்வெட்டர் இரண்டும் வேண்டும்.

ஹூஸ்டன்வாசி:
எல்லோருக்கும் நன்றி. வெனிஸை விட்டுவிட்டேன். ஹோப்டேலில் வியாழக்கிழமைக்குப் படகு சொல்லியாயிற்று, வெள்ளி முழுக்க நகரம், ஞாயிறு மதியம் கிளம்புகிறோம்.

நேற்று ராத்திரி அப்பாவிடம் ஒரே ஏற்றம் ஒரே வற்றம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் நிலா எந்த நாளில் நிறைகிறது, அந்த ஊரில் எந்தத் திசைக் காற்றுக்கு மீன் கலையும், தூண்டில் நரம்பு எத்தனை தடிமன் என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை, படகுக்காரருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். இன்று காலை கடைக்குப் போகும் பட்டியலில் அவரே தன் கையால் புளியும் வெந்தயமும் எழுதிவைத்திருந்தார்.

நதிக்கரை, அந்த ஞாயிறு செகண்ட் லைன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?