இரண்டு பாஸ்போர்ட், ஒரே கட்டம்: டிக்கெட்டில் எந்தக் குடியுரிமையைச் சொல்வது?

நெடுவழி:
எனக்கும் மகளுக்கும் கனடா, பிரிட்டன் இரண்டு குடியுரிமையும் உண்டு. கனடாவிலிருந்து பிரிட்டன் போகிறோம், நடுவில் பத்து நாள் பிரான்ஸ், மறுபடி பிரிட்டன் வந்து வீடு திரும்புகிறோம். டிக்கெட் போடும் பக்கத்தில் 'குடியுரிமை' என்று ஒரே ஒரு கட்டம்தான். எதைப் போட்டாலும் ஒரு பக்கம் இடிக்கும் போலிருக்கிறது. அதைவிட, ஒன்றை எழுதி மற்றதை விட்டால் மறைத்ததாக ஆகிவிடுமா? அதுதான் மனதை உறுத்துகிறது.

ஆலமரம்:
மறைத்ததாக ஆகாது, தைரியமாகப் போடுங்கள். பாஸ்போர்ட்டின் படம் இருக்கும் பக்கத்தில் அடியில் இரண்டு வரி இருக்கிறதே, வரிக்கு 44 எழுத்து, அதைப் பாருங்கள். இரண்டாவது வரியில் பாஸ்போர்ட் எண்ணும் அதற்கான சரிபார்ப்பு இலக்கமும் முடிந்ததும் குடியுரிமைக்கென மூன்றே மூன்று எழுத்து. இரண்டாவது நாட்டுக்கு அதில் இடமே கிடையாது. ஏர்லைனின் கட்டம் கேட்பது அந்த மூன்றெழுத்தைத்தான். எந்த ஆவணத்தை வைத்துப் பறக்கிறீர்கள் என்பதுதான் அங்கே கேள்வி.

ஆகவே போய் இறங்கும் நாட்டின் பாஸ்போர்ட்டை ஏர்லைனுக்குக் கொடுங்கள். போகும்போது பிரிட்டன், வீடு திரும்பும்போது கனடா. ஒவ்வொரு பயணத்துக்கும் செக்-இன் செய்யும்போது விவரத்தை மாற்றிக்கொள்ளலாம். தளம் விடவில்லை என்றால் கவுண்டரில் மாற்றித் தருவார்கள்.

செந்தாமரை:
இதில் எனக்கு உடன்பாடில்லை. 'குடியுரிமை' என்று கேட்டால் அது மனிதரைப் பற்றிய கேள்வி. ஆவணத்தைக் கேட்க 'பாஸ்போர்ட் கொடுத்த நாடு' என்று பல படிவங்களில் தனிக் கட்டமே இருக்கிறது. "கேட்டால் சொல்லலாம், இல்லாவிட்டால் விடலாம்" என்று பழகியவர்கள்தான் பிறகு பெரிய படிவத்திலும் அதையே செய்து மாட்டிக்கொள்கிறார்கள். விசா இல்லாமல் அமெரிக்கா போக நிரப்பும் எஸ்டாவில் வேறு நாட்டுக் குடியுரிமை உண்டா என்று நேராகவே கேட்கிறார்கள். 2015இல் வந்த சட்டப்படி ஈரான், ஈராக், சிரியா, சூடான் குடியுரிமையும் சேர்த்து வைத்திருப்பவருக்கு எஸ்டா வழி பொதுவாக அடைபட்டுவிட்டது. கையில் ஐரோப்பிய பாஸ்போர்ட் இருந்தாலும் விசாவுக்குத்தான் போக வேண்டும். இரண்டாவது குடியுரிமை சும்மா இருக்கும் விஷயம் இல்லை.

இன்னொன்று. கனடாவிலும் பிரிட்டனிலும் கிளம்பும்போது முத்திரை குத்தும் அதிகாரி கிடையாது. ஏர்லைன் அனுப்பும் பட்டியல்தான் நாம் வெளியேறியதற்குப் பதிவு. கனடாவிலிருந்து கிளம்பும்போது பிரிட்டன் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால், கனடாக்காரராக உள்ளே வந்தவர் வெளியே போனதாகவே கணக்கு இருக்காதே? கிளம்பும் நாட்டு பாஸ்போர்ட்டைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்பேன்.

கார்முகில்:
செந்தாமரை சொன்ன மாதிரி கிளம்பும் நாட்டு பாஸ்போர்ட்டைக் கொடுத்துத்தான் நான் பட்டேன். ஆன்லைனில் அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகக் கவுண்டருக்குப் போனேன். "உள்ளே போக அனுமதி காட்டவில்லை, ஏற்ற முடியாது" என்றார் அங்கிருந்த பெண். நான் அந்த நாட்டின் குடிமகன் என்று இரண்டாவது பாஸ்போர்ட்டை நீட்டினேன். அங்கேதான் வினை. ஒன்றில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. மற்றதில் எனக்குக் குடும்பப் பெயரே இல்லை, இருப்பது ஒற்றைப் பெயர். டிக்கெட்டில் முதல் பாஸ்போர்ட்டின் பெயர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்த்தார். பிறகு மேலதிகாரி வந்தார். பிறந்த தேதியும் பிறந்த ஊரும் ஒன்றாக இருந்ததால்தான் நம்பினார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்களின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இப்போதெல்லாம் பெயர் மாற்றச் சான்றிதழின் நகலைப் பாஸ்போர்ட் உறையிலேயே வைத்திருக்கிறேன்.

ஆலமரம்:
கார்முகில் அண்ணனுக்கு நடந்ததுதான் என் வாதத்தின் அடிப்படை. உள்ளே போகத் தகுதி இல்லாதவரை ஏற்றிச் சென்றால் அபராதமும் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும் ஏர்லைன் தலையில் விழும். அதனால் கவுண்டரில் இருப்பவர் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்த ஆவணத்தோடு அந்த நாட்டில் விடுவார்களா?

இந்த இரண்டு நாட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். கனடா பாஸ்போர்ட்டோடு பிரிட்டன் போக மின்னணு அனுமதி வேண்டும், ஆனால் பிரிட்டன் குடிமக்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. 2026 பிப்ரவரி 25 முதல் இதைக் கறாராகப் பார்க்கிறார்கள். இரட்டைக் குடியுரிமைக்காரர் பிரிட்டன் பாஸ்போர்ட்டையோ, பிரிட்டனில் வசிக்க உரிமை உண்டு என்று அரசு தரும் சான்றையோ காட்ட வேண்டும், ஐரிஷ் பாஸ்போர்ட் உள்ளவருக்கு மட்டும் விலக்கு. கனடாவும் அப்படித்தான். 2016 நவம்பரிலிருந்து, விமானத்தில் வரும் இரட்டைக் குடியுரிமைக்காரர் செல்லுபடியாகும் கனடா பாஸ்போர்ட் இல்லாமல் ஏற முடியாது, அமெரிக்க பாஸ்போர்ட் உள்ளவருக்கு மட்டும் விலக்கு. கிளம்பும் நாட்டு பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் இரண்டு திசையிலும் இடிக்கும்.

வெளியேறும் பதிவு பற்றி: சொந்த நாட்டில் நாம் எத்தனை நாள் இருந்தோம் என்று எண்ணி 'அதிக நாள் தங்கிவிட்டாய்' என்று யாரும் நம்மைப் பிடிக்கப்போவதில்லை. அந்தக் கணக்கு வெளிநாட்டாருக்கு. எஸ்டா விஷயத்தில் செந்தாமரை சொல்வது முழுக்கச் சரி. அங்கே கேள்வியே 'வேறு நாடு உண்டா' என்பதுதான், எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும்.

செந்தாமரை:
அனுமதி விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் கவுண்டரில் இரண்டையும் சேர்த்து நீட்டுவதுதான் நேர்மை, வசதியும்கூட. ஒன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கேட்டபின் எடுத்தால்தான் சந்தேகம் வருகிறது.

எல்லா நாட்டுக்கும் 'போகும் நாட்டு பாஸ்போர்ட்' என்ற ஒரே சூத்திரமும் சரிவராது. அமெரிக்கக் குடிமகன் உள்ளே வரும்போது மட்டுமல்ல, வெளியே போகும்போதும் அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் சட்டமே சொல்கிறது.

சிறுபுல்:
குறுக்கே ஒரு கேள்வி. விசா இல்லாமல் பிரான்ஸில் ஒரு பாஸ்போர்ட்டில் 90 நாள், அப்புறம் வெளியே வந்து அடுத்த பாஸ்போர்ட்டில் இன்னொரு 90 நாள் இருக்கலாமா?

ஆலமரம்:
கூடாது. 180 நாளில் 90 நாள் என்பது ஆளுக்குத்தான், புத்தகத்துக்கு அல்ல. 2025 அக்டோபர் 12 முதல் அங்கே புதிய நுழைவுப் பதிவு முறை தொடங்கிவிட்டது. முகப் படமும், 12 வயது நிரம்பியவர்களுக்குக் கைரேகையும் எடுக்கிறார்கள். பாஸ்போர்ட் மாறினாலும் விரல் மாறாது.

நெடுவழி, உங்களுக்கும் இதில் கவனம் வேண்டும். பிரான்ஸுக்குள் எந்த பாஸ்போர்ட்டில் போகிறீர்களோ அதே பாஸ்போர்ட்டில் வெளியே வாருங்கள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்றால் முதலாவது வெளியேறாமலே கிடக்கும். பிரிட்டன் பாஸ்போர்ட்டையே அங்கேயும் காட்டிவிட்டால் வேலை சுலபம்.

செந்தாமரை:
இதை நானும் வழிமொழிகிறேன். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: குழந்தையும் நீங்களும் பிரான்ஸில் ஒரே நாட்டு பாஸ்போர்ட்டில் இருங்கள். ஏதாவது அவசரம் என்றால் இருவருக்கும் ஒரே தூதரகம் என்பது பெரிய ஆறுதல். ஆனால் கனடாவில் இருக்கும்போது பிரிட்டன் தூதரகத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். குடியுரிமை பற்றிய 1930 ஹேக் உடன்படிக்கையே சொல்கிறது, இரண்டு நாட்டுக்கும் சொந்தமான குடிமகனுக்காக ஒரு நாடு மற்ற நாட்டிடம் வழக்காட முடியாது என்று.

நெடுவழி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு நான்கு பாஸ்போர்ட்டையும் மேசையில் பரப்பி, அந்த இரண்டு வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். நல்ல வேளை. மகளின் கனடா பாஸ்போர்ட், சிறுவர்களுக்குத் தரும் ஐந்தாண்டுப் புத்தகம், நாங்கள் திரும்பும் நாளுக்கு நான்கு நாள் முன்பே முடிகிறது. குடியுரிமைக் கட்டத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவள் தேதியைப் பார்க்கவே இல்லை. திங்கட்கிழமை புதியதற்கு விண்ணப்பிக்கிறேன். அது கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட். கட்டத்தில் பிரிட்டன் என்று போட்டுவிட்டு, கவுண்டரில் நான்கையும் நீட்டப்போகிறேன்.